குர்ஜன் மரத்து அஸ்தி

தேவகோட்டை
18.9.2023

அம்மா கார்த்திகாவுக்கு,

உன் மாமனார் சொக்கலிங்கம் எழுதுவது. உனக்குக் கல்யாணமான நாளிலிருந்து 'சௌபாக்கியவதி கார்த்திகாவுக்கு' என்று எழுதிப் பழகிய கை. இன்றும் பழக்கத்தில் முதல் எழுத்தைப் போட்டுவிட்டேன். அப்புறம் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன். இனிமேல் உன்னை 'அம்மா' என்றே எழுதுகிறேன்.

சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் ஆமாம் என்றுதான் எழுதுவாய். ஒரு ரசமாவது வைத்துச் சாப்பிடு.

போன் பண்ணுவதை விட்டுவிடு. என் தங்கை மகன் ரவிக்குமார் போனைக் கொண்டுவந்து காதில் வைக்கிறான். நீ கத்துவது தெரிகிறது, வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. போர்ட் பிளேர் துறைமுகத்தில் ஆயுசு முழுக்க செராங்காகப் படகு ஓட்டி, இன்ஜின் பக்கத்திலேயே நின்றதற்கு இதுதான் கிடைத்தது. கண் நன்றாகத்தான் இருக்கிறது. அதனால் எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். ஹரிஹரன் போன அன்று நான் மீனம்பாக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மழை என்று விமானத்தை ரத்து செய்துவிட்டார்கள். எலிக்காய்ச்சலில் போன உடம்பை வைத்திருக்க முடியாது என்று நீங்கள் எடுத்துவிட்டீர்கள். அதில் உன்மேல் குறை சொல்லவில்லை. ஆனால் பெற்றவன் நான், அவன் முகத்தையும் பார்க்கவில்லை, வாய்க்கரிசியும் போடவில்லை. அஸ்தி கரைப்பது ஒன்றுதான் எனக்கு மிச்சம். அதை என் கையால் செய்ய வேண்டும். தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

உன் அத்தை பொன்னம்மா போனபோது, கப்பல் கிடைக்கிறவரை அஸ்திச் சட்டியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று குவார்ட்டர்ஸ் வாசல் மாமரத்தில் கட்டி வைத்திருந்தோம். தீவில் எல்லோரும் செய்வதுதான். நீயும் அப்படித்தான் வைத்திருப்பாய். உங்கள் வாசலில் இருப்பது முருங்கை என்று ஞாபகம். அதில் கட்டிவிடாதே, ஒடிந்துவிடும்.

ஆசிகளுடன்,
சொக்கலிங்கம்


மரைன் ஹில், போர்ட் பிளேர்
9.10.2023

மாமாவுக்குக் கார்த்திகாவின் வணக்கம்.

'அம்மா' என்று கூப்பிட்டிருந்தீர்கள். இரண்டு தடவை படித்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். டாலிகஞ்சிலிருந்து குழந்தைவேலு அண்ணன் வாரம் ஒரு தடவை காய்கறி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார். கூட்டாளி என்கிற முறையில் அவர்தான் கொள்ளி வைத்தது, உங்களுக்குத் தெரியும். ரசம் வைக்கிறேன். ஒருத்திக்கு ரசம் வைப்பது எப்படி என்றுதான் பிடிபடவில்லை, எவ்வளவு குறைத்து வைத்தாலும் மிஞ்சுகிறது.

உங்களுக்கு முட்டிவலி எப்படி? பிரஷர் மாத்திரையை விடாமல் போடுகிறீர்களா?

சென்னைக் கப்பலுக்கு டிக்கெட் எடுப்பது பெரும்பாடாக இருக்கிறது. கவுன்ட்டர் திறப்பதற்குள் தீர்ந்துவிட்டது என்கிறார்கள். மழையும் விடவில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டாம். சட்டி மரத்தில்தான் இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

உங்கள்
கார்த்திகா


தேவகோட்டை
25.10.2023

அம்மா கார்த்திகாவுக்கு,

மாத்திரை போடுகிறேன். முட்டி இருக்கிற இடத்தில் இருக்கிறது.

உன் கடிதத்தில் ஒரு வரி எனக்கு இடிக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வாசல் மரத்தைப் பார்க்க எதற்கம்மா போக வேண்டும்? ஜன்னலைத் திறந்தால் தெரியாதா? அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க முடியும் என்றால் அது எந்த ஊர் மரம்?

எனக்குக் காதுதான் மந்தம். எந்த மரம் என்று உடனே எழுது. நீயும் அவனும் ஞாயிற்றுக்கிழமையானால் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கே போவீர்கள் என்பது எனக்கும் தெரியும்.

சொக்கலிங்கம்


மரைன் ஹில்
12.11.2023

மாமாவுக்கு வணக்கம்.

இன்று தீபாவளி. நமக்கு இந்த வருஷம் இல்லை. தெருவில் வெடிச் சத்தம் தாங்காமல் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். உங்களுக்கு அங்கே வெடி கேட்காது என்பதில் ஒரு நிம்மதி.

நீங்கள் நினைத்தது சரிதான். முதலில் முருங்கையில்தான் கட்டினேன். அன்று ராத்திரியே கிளை ஒடிந்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடிப் பார்த்தால் ஒரு நாய் சட்டியின் மஞ்சள் துணியைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. சட்டி உடையவில்லை, கடவுள் காப்பாற்றினார். விடிகிறவரை அதை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். எந்த நாயும் எட்டாத இடம் வேண்டும் என்று நினைத்தபோது எனக்கு ஒரே இடம்தான் தோன்றியது.

பெரார்கஞ்சில் ஒச்சப்பன் அண்ணனின் பாக்குத் தோட்டம் முடிகிற இடத்தில் காடு ஆரம்பிக்கிறது. அங்கே ஒரு குர்ஜன் மரம். உங்கள் பிள்ளையும் நானும் குழந்தைவேலு அண்ணனும் அதிகம் ஏறிய மரம் அதுதான். குழந்தைவேலு அண்ணன் கீழே நின்று கயிற்றைப் பார்த்துக்கொள்ள, நான் சட்டியை முதுகுப் பையில் வைத்து ஏறினேன். முதல் கிளைக்குப் போகவே பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் ஏறின மாதிரி இருக்கும். அதற்கும் மேலே இரண்டு கிளை பிரிகிற கவட்டில் கட்டியிருக்கிறேன்.

அங்கே என்ன இருக்கிறது என்று நீங்கள் யாரும் கேட்டதில்லை. குரங்கு வேலை என்று சொல்லிவிட்டீர்கள். நீங்கள் இல்லாதபோது அவர் அதைச் சொல்லிச் சிரிப்பார், ஆனால் அவருக்கு வருத்தம்தான். அங்கே மண் இருக்கிறது, மாமா. வருஷக்கணக்காக விழுந்த இலையெல்லாம் கிளைமேலேயே மக்கி ஒரு சாண் கனத்துக்குக் கறுப்பு மண். அதில் பெரணி முளைத்திருக்கிறது, மண்புழுகூட இருக்கிறது. தரையைப் பார்க்காமலே பிறந்து வளர்ந்து சாகிற மண்புழு என்று அவர்தான் எனக்குக் காட்டினார். அந்த மண்மேல்தான் சட்டியை உட்கார வைத்திருக்கிறேன். வெறுங்கிளையில் இல்லை.

உங்களிடம் கேட்காமல் செய்தது தப்புதான். ஞாயிற்றுக்கிழமை மேலே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வேறு எங்கேயும் எனக்கு அழுகை வருவதில்லை.

கார்த்திகா


தேவகோட்டை
2.12.2023

அம்மா கார்த்திகாவுக்கு,

என் பிள்ளையைக் கொண்டுபோய்ப் பருந்தும் காக்காயும் எச்சமிடுகிற இடத்தில் கட்டி வைத்துவிட்டு அதைப் பெருமையாகவும் எழுதுகிறாய். நாய் இழுத்தது என்றால் கோயிலில் கொடுத்து வைத்திருக்கலாம். குழந்தைவேலு கடைக் கூரையில் கட்டியிருக்கலாம். பன்னிரண்டு மாடி உயரத்தில், அதுவும் நீ ஏறி! உனக்கு ஒன்று ஆகியிருந்தால் உன் அப்பன் வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்வது?

காற்றடிக்கிற மாதம் இது. கிளை ஆடாதா? என்ன முடிச்சுப் போட்டாய்? சும்மா சுற்றிக் கட்டியிருந்தால் ஈரத்தில் நெகிழ்ந்துவிடும், உனக்குத் தெரியுமா?

மார்கழி முடிவதற்குள் இறக்கிவிடு. தை அமாவாசை பிப்ரவரி ஒன்பதாம் தேதி. ராமேஸ்வரத்தில் புரோகிதரிடம் சொல்லி வைத்துவிட்டேன்.

மண்புழு எப்படி அவ்வளவு உயரத்துக்குப் போயிற்று? ரவிக்குமாரிடம் கேட்டேன், அவன் சிரிக்கிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள். இருமல் என்று குழந்தைவேலு ரவிக்குமாரிடம் சொன்னானாமே.

சொக்கலிங்கம்


மரைன் ஹில்
20.12.2023

மாமாவுக்கு வணக்கம்.

இருமல் போய்விட்டது. சுக்குக் கஷாயம் குடித்தேன். சென்னையில் புயல் மழை என்று கப்பல் எல்லாம் தள்ளிப் போனதால் உங்கள் கடிதமும் தாமதமாகத்தான் வந்தது.

முடிச்சைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். படகைத் துறையில் கட்டுகிற முடிச்சுதான் போட்டிருக்கிறேன். அவர் மரத்தில் போடுகிற முடிச்செல்லாம் உங்கள் முடிச்சுதான். சின்ன வயதில் உங்கள் படகில் உட்கார்ந்து பார்த்துப் பழகியது என்று குழந்தைவேலு அண்ணனிடம் பெருமையடிப்பார். உங்களிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. கிளை ஆடும், மாமா. காற்றில் கிளையோடு சேர்ந்து நாமும் ஆட வேண்டும், பயந்து இறுக்கிப் பிடித்தால்தான் தலை சுற்றும். இதையும் படகில் கற்றது என்பார். மண்புழு எப்படிப் போயிற்று என்று அவருக்கும் தெரியாது. கேட்டால், நீயே கேட்டுப் பார் என்று மண்புழுவைக் காட்டுவார்.

இப்போது எழுத வேண்டியதை எழுதுகிறேன். மழையாலும் இருமலாலும் நாலைந்து ஞாயிறு நான் மரத்துக்குப் போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சட்டியை இறக்கிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். ஒச்சப்பன் அண்ணன் தோட்டத்து வாசலிலேயே நிறுத்திவிட்டார். "பேட்டி, மேலே போகாத. ஒரு ஜோடி சிடியா கூடு கட்டிருச்சு, பெருசு. இப்ப முட்டைமேல உக்காந்துருக்கு" என்று மகளிடம் சொல்கிற மாதிரி இந்தி கலந்து சொன்னார். நான் நம்பவில்லை. குழந்தைவேலு அண்ணனின் பைனாகுலரில் பார்த்தேன். கடற்கழுகு. வெள்ளை வயிறு. சட்டி இருக்கிற கவட்டுக்கு அடுத்த கவட்டில், ஒரு கட்டில் அகலத்துக்குக் குச்சிகளை அடுக்கிக் கட்டியிருக்கிறது. பெண் பறவை எழுந்திருக்கவே இல்லை. ஆண் கடல் பக்கமிருந்து மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறது.

மூன்று வருஷம் முன்னால் சிடியா டாப்பு பக்கம் தெரியாமல் இந்த மாதிரி ஒரு மரத்தில் ஏறிவிட்டோம். பறவை கிளம்பிப் போனது, திரும்பவே இல்லை. கூட்டில் இரண்டு முட்டை. அவர் தினமும் வேலை முடிந்து அங்கே போய் நின்றுவிட்டு வந்தார். வீட்டில் சோறு இறங்கவில்லை. அப்போது அவர் போட்ட சட்டம், முட்டை இருக்கிற மரத்தை நம்மில் யாரும் தொடக்கூடாது என்பது. அவர் சாகிறவரை யாரும் மீறினதில்லை.

குஞ்சு பறக்கச் சித்திரை ஆகிவிடும். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள், மாமா. தை அமாவாசை போனால் ஆடி அமாவாசை வருகிறது. அவர் சொன்னதை மீறி அவரையே எப்படி இறக்குவது? என்னால் முடியவில்லை.

கார்த்திகா


தேவகோட்டை
3.1.2024

கார்த்திகாவுக்கு,

படித்தேன்.

ஒரு பருந்துக் குஞ்சுக்காக என் பிள்ளை மரத்தில் தொங்க வேண்டும். இதை வெளியே யாரிடமாவது சொல்ல முடியுமா? எனக்கு எழுபத்தாறு முடியப் போகிறது. ஆடி அமாவாசை வரை நான் இருப்பேன் என்று உனக்கு யார் சொன்னது?

உள்ளதைச் சொல்கிறேன். பருந்து ஒரு சாக்கு. அவனைக் கொடுக்க உனக்கு மனசில்லை. முதலில் கப்பல் இல்லை என்றாய், அப்புறம் மழை என்றாய், இப்போது முட்டை. நாளைக்குக் குஞ்சு பறந்தால் வேறு ஏதாவது வரும். உனக்கு அவன் நாலு வருஷத்துப் புருஷன். எனக்கு அவன் முப்பத்து மூன்று வருஷத்துப் பிள்ளை.

தை அமாவாசைக்கு நான் ராமேஸ்வரத்தில் நிற்பேன். நீ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

சொக்கலிங்கம்


தேவகோட்டை
24.1.2024

அம்மா கார்த்திகாவுக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. நானாக இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன். நாலு வருஷம் முப்பத்து மூன்று வருஷம் என்று அளந்து எழுதினேன் பார், அதை நினைத்தால் எனக்கே நாக்கு கூசுகிறது. அதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

பேனா சரியில்லை, எழுத்துக் கோணலாக இருக்கும். பொங்கலுக்கு முன்னால் நெஞ்சில் கொஞ்சம் சளி. பத்து நாள் படுக்கையில் இருந்தேன். இப்போது கஞ்சி குடிக்கிறேன், வாசல்வரை நடக்கிறேன். கவலைப்பட ஒன்றுமில்லை.

படுத்துக் கிடந்ததில் ஒரு நல்லது, உன் கடிதங்களை எல்லாம் ரவிக்குமாரை எடுத்துத் தரச் சொல்லித் திரும்பத் திரும்பப் படித்தேன். என் முடிச்சைத்தான் மரத்தில் போடுவான் என்று எழுதியிருந்தாயே. அந்தப் பயல் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் ஏதாவது கிண்டல் பண்ணியிருப்பேன், அதனால் சொல்லவில்லை போலிருக்கிறது.

படகில் செராங் சொன்னால் சொன்னதுதான். கலெக்டரே ஏறினாலும் செராங் உட்காரச் சொன்ன இடத்தில்தான் உட்கார வேண்டும். என் படகில் நான் அப்படித்தான் இருந்தேன். அந்த மரத்தில் அவன் செராங். அவன் போட்ட சட்டத்தை மாற்று என்று கரையிலிருந்து கத்துவதற்கு நான் யார்? அப்பன் என்றால் எல்லாவற்றுக்கும் அப்பனா?

சட்டி அங்கேயே இருக்கட்டும். குஞ்சு பறக்கட்டும். ஆடி அமாவாசைக்குப் பார்த்துக்கொள்ளலாம். புரோகிதரிடம் ரவிக்குமார் சொல்லிவிட்டான். நான் இருப்பேன், அவ்வளவு சீக்கிரம் போகிற ஜாதி இல்லை.

முட்டை பொரிந்ததும் உடனே எழுது. குஞ்சு என்ன நிறம், தாய் என்ன மீன் கொண்டுவருகிறது, எல்லாம் எழுது. அந்தப் பக்கத்துக் கடலில் எந்த மாதம் என்ன மீன் வரும் என்று எனக்குத் தெரியும். சரியாக எழுதுகிறாயா என்று பார்க்கிறேன்.

ஆசிகளுடன்,
மாமா


மரைன் ஹில்
31.1.2024

மாமா,

உங்கள் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. ஞாயிற்றுக்கிழமையே சட்டியை இறக்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ரவிக்குமார் போன் பண்ணியிருந்தார். சளி இல்லை, ஹார்ட் அட்டாக் என்று சொன்னார். மதுரையில் ஐ.சி.யூ.வில் வைத்திருந்ததையும், இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொன்னதையும் சொன்னார். எனக்குச் சொன்னது உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்றார், ஆனாலும் எழுதுகிறேன். நீங்கள் எனக்கு எழுதியிருப்பது அவருக்கும் தெரியாது போலிருக்கிறது, புரோகிதர் விஷயத்தை அவர் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை. ஆடி அமாவாசை வரை இருப்பேன் என்று யார் சொன்னது என்று நீங்கள் கேட்ட வரிதான் ராத்திரி முழுக்கக் காதில் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் போனது போல இதுவும் உங்களுக்கு இல்லாமல் போய்விட்டால் அந்தப் பாவத்தை நான் எங்கே கொண்டுபோய்த் தொலைப்பேன்?

குழந்தைவேலு அண்ணன் வேண்டாம் என்றார். "தங்கச்சி, அவன் இருந்தா உன்னை ஏற விட்டிருப்பானா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, கயிற்றை அவரே பிடித்தார். சத்தம் போடாமல், மரத்தின் அந்தப் பக்கமாக, எவ்வளவு மெதுவாக ஏற முடியுமோ அவ்வளவு மெதுவாக ஏறினேன். நான் கவட்டை எட்டுகிறவரை கழுகு அசையவில்லை. தலையை மட்டும் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கும் அதற்கும் நடுவில் நாலு முழம்கூட இல்லை. முடிச்சு ஈரத்தில் இறுகிப் போயிருந்தது, அவிழவே இல்லை. கத்தியை எடுத்தேன். கத்தி வெயிலில் பளிச்சென்றது. அது எழுந்து போய்விட்டது.

இரண்டு முட்டை இருந்தது, மாமா. வெள்ளையாக.

சட்டியைப் பையில் போட்டுக்கொண்டு எவ்வளவு சீக்கிரம் இறங்க முடியுமோ இறங்கினேன். ஒச்சப்பன் அண்ணன் தோட்டத்தில் ஒளிந்து உட்கார்ந்து பார்த்தோம். ஜோடியாக மரத்துக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றின. அப்புறம் கடல் பக்கம் போயின. இருட்டுகிறவரை வரவில்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஒச்சப்பன் அண்ணனுக்குப் போன் பண்ணினேன். "நை ஆயா, பேட்டி" என்றார், வரவில்லையாம். இன்று பண்ண எனக்குத் தைரியம் இல்லை.

இப்படி இருக்கையில் உங்கள் கடிதம் வருகிறது. குஞ்சு என்ன நிறம் என்று எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். நாலு நாள் முன்னால் இது வந்திருக்கக் கூடாதா?

சனிக்கிழமைக் கப்பலில் கிளம்புகிறேன். குழந்தைவேலு அண்ணன் யார் யாரையோ பிடித்து ஒரு பங்க் டிக்கெட் வாங்கிவிட்டார். சென்னையிலிருந்து நேராக ராமேஸ்வரம் வந்துவிடுகிறேன். இறக்கியது இறக்கியாகிவிட்டது. தை அமாவாசைக்கே முடித்துவிடலாம். நீங்கள் மாத்திரைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

கார்த்திகா


தேவகோட்டை
4.3.2024

அம்மா கார்த்திகாவுக்கு,

கப்பலில் வாந்தி இல்லாமல் போய்ச் சேர்ந்தாயா? நான் நன்றாக இருக்கிறேன். ரவிக்குமாரின் பெண்சாதி உப்பில்லாமல் சமைத்துப் போடுகிறாள். உயிரோடு இருப்பதற்குத் தண்டனை இது என்று நினைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.

ராமேஸ்வரத்தில் உன்னிடம் பேச முடியவில்லை. கூட்டம், எனக்குக் காதும் கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

நான் நினைத்திருந்தது வேறு. என் கையால் கரைத்துவிட்டால் மனது அடங்கும் என்று நினைத்திருந்தேன். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றோம். புரோகிதர் சீக்கிரம் சீக்கிரம் என்கிறார், அவருக்கு அடுத்த ஆள் நிற்கிறான். நீ சட்டியை விடவில்லை. நான் உன் விரல்களைப் பிரித்தேன். ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். நீ என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பிரித்து வாங்கிக் கவிழ்த்தேன். ஒரு அலை வந்தது, முடிந்துபோயிற்று. இதற்கா இத்தனை மாதம் உன்னோடு மல்லுக்கு நின்றேன் என்று இருந்தது.

மரத்தில் இருந்தவரை உனக்குப் போக ஒரு இடம் இருந்தது. ஏறிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தாய். அந்த இடத்தை உன்னிடமிருந்து பிடுங்கிக் கடலில் போட்டேன். கடலில் நீ எங்கே போய் உட்காருவாய் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இங்கே வந்து படுத்த பிறகு தோன்றியது. என் பிள்ளை, என் பிள்ளை என்றே இருந்துவிட்டேன் அம்மா.

உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ எனக்காகத்தான் ஏறினாய். நீ நன்றாக இருக்க வேண்டும். இங்கே வந்து இருக்கிறாயா? கட்டாயமில்லை. உன் வேலை, உன் பழக்கம் எல்லாம் அங்கே.

அந்தக் கழுகு திரும்பி வந்ததா? கேட்கப் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுது.

மாமா


மரைன் ஹில்
31.3.2024

மாமாவுக்கு வணக்கம்.

உப்பில்லாமல் சாப்பிடுங்கள். ரவிக்குமார் வீட்டில் நீங்கள் அவருக்குத் தெரியாமல் ஊறுகாய் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். வேண்டாம்.

கழுகு வரவில்லை. நான் திரும்பி வந்த மறுநாளே பெரார்கஞ்சுக்குப் போனேன். ஒச்சப்பன் அண்ணன் டீ போட்டுக் கொடுத்தார். கூட்டிலிருந்து குச்சிகள் விழ ஆரம்பித்திருந்தன. மேலே காக்காய்கள் உட்கார்ந்திருந்தன, அதனால் முட்டையைப் பற்றி அப்புறம் நான் யோசிக்கவில்லை.

நாங்கள் மரத்திலிருந்து கயிற்றை எடுக்கும்போது, அதற்குப் பதிலாக ஒரு மெல்லிய நூல் கயிற்றைக் கிளைமேல் போட்டுவிட்டு வருவது வழக்கம். அது இருந்தால் அடுத்த தடவை பெரிய கயிற்றை அதில் கட்டி இழுத்துக்கொள்ளலாம். அந்த மரத்தில் இருந்தது அவர் கவண் வைத்து எய்து போட்டது. அத்தனை உயரத்துக்குப் போட ஒரு நாள் முழுக்க ஆனது அவருக்கு. இன்று அதை உருவிவிட்டேன். குழந்தைவேலு அண்ணன் ஏன் என்று கேட்டார். தெரியவில்லை என்று சொன்னேன். மேலே எனக்கு இனி வேலை இல்லை, மாமா. உட்கார்ந்து பார்ப்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை, இருந்த ஜோடியையும் நான் விரட்டிவிட்டேன்.

நீங்கள் விரலைப் பிரித்ததை எழுதியிருந்தீர்கள். எனக்கு வலிக்கவில்லை. நீங்கள் பிரித்திருக்காவிட்டால் நான் இன்னும் அந்தத் தண்ணீரிலேயேதான் நின்றுகொண்டிருப்பேன். அங்கே வந்து இருப்பதைப் பற்றிப் பள்ளிக்கூட லீவில் யோசிக்கிறேன். லீவுக்குக் கட்டாயம் வருகிறேன்.

ஒன்றுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் இருந்திருந்தால் இந்நேரம் என்னோடு பேசியிருக்க மாட்டார். முட்டை இருக்கிற மரத்தில் ஏறினாயா என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, ஒரு வாரம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். நானும் பதிலுக்குப் பாத்திரத்தை உருட்டியிருப்பேன். அப்புறம் எப்படியோ சரியாகியிருக்கும். இப்போது குழந்தைவேலு அண்ணன் பரவாயில்லை என்கிறார். ஒச்சப்பன் அண்ணன் டீ போட்டுத் தருகிறார். பள்ளிக்கூடத்தில் யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசுவதில்லை. எப்போதும் திட்டுகிற நீங்களும் குறை இல்லை, நன்றாக இரு என்று எழுதிவிட்டீர்கள்.

என்னை ஒருவர் திட்ட வேண்டும், மாமா. அவருக்குப் பதிலாகத் திட்டத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். என்னை நன்றாகத் திட்டி ஒரு கடிதம் போடுங்கள்.

கார்த்திகா